இரண்டு வியாழக்கிழமைகள்

சென்ற வருஷம் ஒரு மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்கும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட சோதனைகள் அவ்வப்போது வரும். தலைவர் என்றால் மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறர் பேசுவதை முகம் கோணாமல் கேட்க வேண்டும். கடைசியில் எல்லோரும் பிரமாதமாகப் பேசினார்கள் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நானும் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது தப்பு. அந்தத் தப்பைத் திருத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைய முக்கியப் பேச்சாளர் நன்றாகப் படித்த பெரியவர். தேச தேசத்து நாடோடிக் கதைகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர். 'குடும்பத்தைக் காத்த குமாரிகள்' என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். மாயலோகத்தாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, தன்னையே விலையாகக் கொடுத்து, பெற்றவர்களையும் உடன்பிறந்தவர்களையும் கரையேற்றிய பெண்களின் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அவற்றில் நார்வே நாட்டுக் கதை ஒன்றைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த இரண்டு அம்மாள்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கதை இதுதான். ஓர் ஏழைக் குடியானவன். வீடு நிறையக் குழந்தைகள். வயிறு நிறையச் சோறு கிடையாது. குளிர்காலம் நெருங்கும் ஒரு வியாழக்கிழமை இரவு. வெளியே காற்றும் மழையும். யாரோ ஜன்னலை மூன்று முறை தட்டுகிறார்கள். கதவைத் திறந்தால் பெரிய வெள்ளைக் கரடி ஒன்று நிற்கிறது. "உன் கடைசிப் பெண்ணை எனக்குக் கொடு. இப்போது நீ எவ்வளவு ஏழையோ அவ்வளவு பணக்காரனாக உன்னை ஆக்குகிறேன்" என்கிறது. அந்தப் பெண் குடும்பத்தின் நன்மைக்காகக் கந்தையைத் துவைத்துத் தைத்து உடுத்திக்கொண்டு, சிறு மூட்டையோடு கரடியின் முதுகில் ஏறிப் போகிறாள். "பயமாக இருக்கிறதா?" என்று கேட்கிறது கரடி. "இல்லை" என்கிறாள்.

"பனி கொட்டும் தேசத்திலும் பெண் குலத்தின் விளக்கு எப்படி எரிகிறது பாருங்கள்!" என்று பெரியவர் முடித்தார். ஒரே கரகோஷம். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ உறுத்தியது. 'சூரியனுக்குக் கிழக்கே, சந்திரனுக்கு மேற்கே' என்ற அந்தக் கதையை ஆஸ்பியோர்ன்ஸன், மோ என்ற இரு நார்வேக்காரர்கள் தொகுத்து, 1841 முதல் 1844 வரை பகுதி பகுதியாக வெளியான தங்கள் நாடோடிக் கதைத் தொகுதியில் சேர்த்தார்கள். 1859-இல் ஜார்ஜ் டேஸன்ட் அதை ஆங்கிலத்தில் கொடுத்தார். புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பெரியவர் ஒரே ஒரு வார்த்தையை விட்டுவிட்டிருந்தார்.

அந்தப் பெண் முதலில் சொன்ன வார்த்தை, "மாட்டேன்."

கரடி கேட்டதும் தகப்பன் உள்ளே வந்து மகளைக் கேட்கிறான். அவள் மாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிடுகிறாள். நியாயப்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். தகப்பன் வெளியே போய்க் கரடியிடம், "என் பெண்ணுக்குச் சம்மதமில்லை, போய் வா" என்றல்லவா சொல்ல வேண்டும்? அவன் சொன்னது வேறு. "அடுத்த வியாழக்கிழமை வா" என்று சொல்லி அனுப்புகிறான்.

அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்பதை நாடோடிக் கதை இரண்டே வரியில் முடித்துவிடுகிறது. வரப்போகிற செல்வத்தைப் பற்றியும், அவளுக்கே கிடைக்கப்போகிற சுகத்தைப் பற்றியும் வீட்டார் ஓயாமல் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் அவள் மனம் மாறினாளாம். அவ்வளவுதான்.

மீதியை ஊகிப்பது நாவலாசிரியனுக்குக் கஷ்டமில்லை. யாரும் அவளை அடித்திருக்கமாட்டார்கள். அடித்திருந்தால் அவள் பிடிவாதம் பிடித்திருப்பாள். அடுப்பில் பானையைக் கிளறும்போது தாய் ஒரு பெருமூச்சு விட்டிருப்பாள். கடைக்குட்டித் தம்பியின் கிழிந்த சட்டையை அவள் கண்ணில் படும்படி யாரோ தொங்கவிட்டிருப்பார்கள். தகப்பன் தன் பங்குக் கஞ்சியில் பாதியை மிச்சம் வைத்து, "எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போயிருப்பான். எல்லாம் ஆனபிறகு யாராவது ஒருவர், "உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை அம்மா, உன் இஷ்டம்" என்று சொல்லியிருப்பார்கள். இந்த 'உன் இஷ்டம்' இருக்கிறதே, அதைவிடப் பெரிய கட்டாயம் உலகத்தில் கிடையாது.

இதற்குப் பெயர் தியாகமா? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனைப் புண்ணியவான் என்று நாம் சொல்வதில்லை. ஆனால் உடைபட்ட தேங்காயைப் பார்த்து, "ஆகா, என்ன தியாகம்!" என்று கண்ணீர் விடுகிறோம். கரகோஷம் செய்கிறோம். அந்தக் கரகோஷத்தின் சத்தத்தில் உடைத்தவன் நழுவிவிடுகிறான்.

இது ஒரு கதையின் கோளாறு அல்ல. பெரியவர் அன்று சொன்ன மற்றக் கதைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மூன்றே கேள்விகள் கேட்டேன். பேரம் பேசியது யார்? விலை கொடுத்தது யார்? லாபம் யாருக்கு?

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட 'ரும்பல்ஸ்டில்ட்ஸ்கின்' கதையைப் பாருங்கள். மாவு அரைக்கும் மில்காரன் ஒருவன் ராஜாவின் முன்னால் ஜம்பம் அடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, "என் பெண் வைக்கோலைத் தங்கமாக நூற்பாள்" என்று புளுகிவிடுகிறான். ராஜா பெண்ணை வைக்கோல் அறையில் போட்டுப் பூட்டி, "விடிவதற்குள் நூற்காவிட்டால் உயிர் போகும்" என்கிறான். அழுகிற பெண்ணுக்கு மாயக் குள்ளன் ஒருவன் வந்து உதவி செய்கிறான். முதல் நாள் கழுத்துச் சரம், இரண்டாம் நாள் மோதிரம், மூன்றாம் நாள் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாமல், பிறக்கப்போகும் தலைப்பிள்ளை. முடிவில் குள்ளன் ஆத்திரத்தில் அழிந்து போகிறான், நாமெல்லாம் சந்தோஷப்படுகிறோம்.

எதற்காகச் சந்தோஷப்பட வேண்டும்? அந்தக் கதையில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து முடித்தவன் குள்ளன் ஒருவன்தான். குழந்தையைக் கேட்க வந்தபோதுகூட, தாய் அழுவதைப் பார்த்து மூன்று நாள் தவணை கொடுத்தவனும் அவன்தான். அவன் கேட்ட விலை கொடூரமானது; மறுக்கவில்லை. ஆனால் புளுகிய தகப்பன் என்ன ஆனான்? முதல் காட்சிக்குப் பிறகு அவனைக் கதையில் காணோம். கொல்லுவேன் என்று மிரட்டிய ராஜா என்ன ஆனான்? அவளுக்குப் புருஷன் ஆனான்! மில்காரன் பெண்ணானாலும் இவளைவிடப் பணக்காரப் பெண்டாட்டி கிடைக்கமாட்டாள் என்று கணக்குப் பார்த்தே கல்யாணம் செய்துகொள்கிறான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரிம் சகோதரர்கள் 1810-இல் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியில் புளுகுகிற தகப்பனே இல்லை. மிரட்டுகிற ராஜாவும் இல்லை. அதில் அந்தப் பெண் நாரை நூற்க உட்கார்ந்தால் நூல் வராமல் தங்கமே வருகிறது. அவளுடைய கவலையே அதுதான். இரண்டு வருஷத்தில், பெண்ணின் கையில் இருந்த திறமை அப்பன் வாயிலிருந்த புளுகாக மாறிவிட்டது. தங்கம் பண்ணத் தெரிந்தவள் தங்கம் பண்ணச் சொல்லி மிரட்டப்படுகிறவள் ஆகிவிட்டாள்.

அதே தொகுதியில் 'கையில்லாத பெண்' என்று இன்னொரு கதை. இங்கேயும் தகப்பன் மில்காரன்தான். காட்டில் சைத்தானைச் சந்திக்கிறான். "உன் மில்லுக்குப் பின்னால் நிற்பதைக் கொடு, பணக்காரனாக்குகிறேன்" என்கிறான் சைத்தான். ஆப்பிள் மரம்தானே என்று மில்காரன் கையெழுத்துப் போடுகிறான். அந்த நேரத்தில் மில்லுக்குப் பின்னால் வாசல் பெருக்கிக்கொண்டு நின்றவள் மகள். மூன்று வருஷம் கழித்துச் சைத்தான் வருகிறான். பெண்ணின் கைகளை வெட்டு, இல்லாவிட்டால் உன்னையே கொண்டு போவேன் என்கிறான். தகப்பன் தன் உயிருக்குப் பயந்து வெட்டுகிறான். பிறகு சொல்கிறான்: உன்னால் எனக்கு இவ்வளவு சொத்து வந்தது, ஆயுசு முழுவதும் உன்னை ராணி மாதிரி வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று! அவள் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று, வெட்டுண்ட கைகளை முதுகோடு சேர்த்துக் கட்டச் சொல்லிக்கொண்டு, சூரியன் உதிக்கும்போது வெளியேறிவிடுகிறாள். பெரியவர் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் கையை நீட்டியதைப் புகழ்ந்தார். அவள் வீட்டைவிட்டு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்த நடையல்லவா பெரிதாகத் தோன்றுகிறது!

இனி, எல்லோருக்கும் தெரிந்த 'அழகியும் விலங்கும்' கதைக்கு வருவோம். பிரான்ஸில் 1740-இல் மதாம் வில்நெவ் நீளமாக எழுதியதை, 1756-இல் மதாம் லெப்ரென்ஸ் த போமோன் சுருக்கி, பெண் குழந்தைகளுக்கான பாடப் புத்தகத்தில் சேர்த்தார். அவர் இங்கிலாந்தில் பணக்கார வீட்டுப் பெண்களுக்கு உபாத்தியாயினியாக இருந்தவர். ஆகவே இது வெறும் கதையல்ல, பாடம்.

கப்பல்களை இழந்து நொடித்துப்போன வியாபாரி ஒருவன், வழி தவறி மாய மாளிகையில் ஓர் இரவு தங்குகிறான். கடைசி மகள் கேட்டாளே என்று ஒரு ரோஜாவைப் பறிக்கிறான். விலங்கு வந்து, "நீ சாக வேண்டும்; அல்லது உன் பெண்களில் ஒருத்தி தன் இஷ்டப்படி உனக்குப் பதிலாக வர வேண்டும்" என்கிறது. வீட்டுக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறையத் தங்கத்தை அள்ளிக்கொள்ளச் சொல்கிறது. அவன் அள்ளிக்கொள்கிறான். கடைசி மகள் போகத் தயாராகிறாள். தகப்பன் அவளைத் தடுத்துப் பார்க்கிறான் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இவன் மற்ற மூவரைவிட நல்லவன். ஆனால் அந்தத் தங்கப் பெட்டியின் ரகசியத்தை அவன் அவளிடம் மட்டும் சொல்கிறான். அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? அக்காமார் இருவருக்கும் வரன் வந்திருக்கிறது, இதை வைத்துக் கல்யாணத்தை முடித்துவிடுங்கள் என்கிறாள். அதாவது, தங்கையின் உயிருக்குக் கிடைத்த தங்கம் அக்காமாருக்குச் சீதனம். அந்த அக்காமார் அவளை வழியனுப்பும்போது கண்ணில் வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டு அழுகிறார்கள்.

கதையின் முடிவில் தண்டனையும் உண்டு. பொறாமை பிடித்த அக்காமார் இருவரும் மாளிகை வாசலில் கற்சிலைகளாக நிற்க வேண்டும் என்று தேவதை சபிக்கிறாள். வெங்காயம் தேய்த்தவர்கள் கல்லானார்கள். தங்கம் அள்ளிய தகப்பன் கல்யாண விருந்துக்கு வந்தான். பாடம் படிக்கிற பெண் குழந்தைகள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று போமோன் அம்மையார் நினைத்தாரோ, எனக்கு விளங்கவில்லை.

ஆனால் இந்தக் கதையில் ஓர் உண்மை, ஆசிரியையையும் மீறி வெளிப்பட்டிருக்கிறது. அந்த விலங்கு ஒவ்வொரு நாள் இரவும் சாப்பாட்டு வேளையில் அவளைக் கேட்கிறது: "என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா?" அவள் மாட்டேன் என்கிறாள். விலங்கு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போகிறது. மறுநாளும் அப்படியே. மூன்று மாத காலம் அவளுடைய 'மாட்டேன்' என்ற வார்த்தை அங்கே மாட்டேன் என்றே பொருள்படுகிறது. கரடிக்கதையில் பெற்ற தகப்பன் வீட்டில் அந்த வார்த்தைக்கு 'அடுத்த வியாழக்கிழமை வா' என்று பொருள். நீங்களே சொல்லுங்கள், இந்தக் கதைகளில் நாம் பயப்பட வேண்டியது எதைப் பார்த்து? பிடரியும் நகமும் உள்ளதைப் பார்த்தா?

என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"பட்டினி கிடக்கும் குடும்பம். வேறு என்ன செய்வார்கள்?" என்பார்கள். உண்மைதான். அந்தக் குடியானவன் மேல் எனக்குக் கோபம் குறைவு. குளிரிலும் பசியிலும் அவன் செய்ததை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் நான் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. என் கோபமெல்லாம் அவன் செய்ததற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுகிறவர்கள் மேல். கையாலாகாமல் விற்றோம் என்று ஒரு வீடு ஒப்புக்கொண்டால், அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டார் கடன்பட்டவர்கள் என்றாகும். அவளாகவே கொடுத்தாள் என்று சொல்லிவிட்டால் கடனும் தீர்ந்துபோகிறது. மேற்கொண்டு புகழ் வேறு!

"முடிவில் கரடி ராஜகுமாரனாகிவிட்டதே, அவள் சுகமாக வாழ்ந்தாளே" என்பார்கள். கரடிக்குள் ராஜகுமாரன் இருந்தது குடியானவனுக்குத் தெரியுமா? அவன் கொடுத்தது கரடிக்கு. கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் தள்ளியவன், உள்ளே தண்ணீர் குறைவாக இருந்ததற்காக நன்றி எதிர்பார்க்கக் கூடாது.

"பாசத்தினால் ஒரு பெண் தானாக முன்வந்து கொடுக்கவே மாட்டாளா?" என்பார்கள். கொடுப்பாள். அப்படிக் கொடுப்பவளை நான் கை கூப்பி வணங்குவேன். ஆனால் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல இடம் இருக்கும் வீட்டில்தான் கொடுப்பது தியாகம். அந்த இடம் இல்லாத வீட்டில் அது வசூல்.

இவ்வளவு வீறாப்பாகப் பேசுகிற நான் யோக்கியனா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இல்லை. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில், அப்பாவின் கடனைத் தீர்ப்பதற்காக வயதில் மிக மூத்த ஒருவருக்கு வாழ்க்கைப்படுகிறாள் மூத்த பெண். கரடியும் குள்ளனும் இல்லை, பேரம் அதேதான். அவள் சம்மதித்த காட்சியை நான் ஒரே வாக்கியத்தில் எழுதி, அத்தியாயத்தை முடித்தேன். அவள் மௌனமாகத் தலையை அசைத்தாள் என்று. கட்டுக்கட்டாகப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. எனக்கும் தலைகால் தெரியவில்லை. அந்தக் கட்டில் ஒரு கார்டு. பெயர் இல்லை. "ஐயா, அந்தத் தலையசைப்புக்கு முந்திய அத்தியாயம் எங்கே? எங்கள் வீட்டில் அது எட்டு நாள் நடந்தது" என்று மட்டும் எழுதியிருந்தது.

பதில் போட விலாசம் இல்லை. இருந்திருந்தாலும் என்ன எழுதியிருப்பேன்? தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. வாசகர்கள் விரும்பிய இடத்தில் கையை வைப்பானேன் என்று விட்டுவிட்டேன். அந்தத் தகப்பன்களின் வரிசையில் நானும் நிற்கிறேன். என் கதாநாயகியின் 'மாட்டேனை' நான் கேட்கக்கூட இல்லை; நேராக இரண்டாவது வியாழக்கிழமைக்குத் தாண்டிவிட்டேன்.

கரடிக்கதையின் பின்பாதியைப் பெரியவர் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். தாயின் யோசனைப்படி அவள் இரவில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்க்க, மூன்று சொட்டு அவன் சட்டையில் விழுந்துவிடுகிறது. ராஜகுமாரன் விழித்துக்கொள்கிறான். சூரியனுக்குக் கிழக்கே, சந்திரனுக்கு மேற்கே உள்ள கோட்டைக்கு, நீண்ட மூக்குடைய ராஜகுமாரியைக் கட்டிக்கொள்ள அவன் போயே தீர வேண்டும். அவள் தனியாகத் தேடிக்கொண்டு புறப்படுகிறாள். பணக்காரர்களாகிவிட்ட அவள் வீட்டார் யாரும் துணைக்கு வரவில்லை. வழியில் மூன்று கிழவிகள் ஒரு தங்க ஆப்பிள், ஒரு தங்கச் சீப்பு, ஒரு தங்க ராட்டினம் கொடுக்கிறார்கள். வாடைக் காற்றின் முதுகில் ஏறிக் கோட்டைக்குப் போய்ச் சேர்கிறாள். அங்கே ஜன்னலடியில் உட்கார்ந்து நீள மூக்குக்காரியோடு பேரம் பேசுகிறாள். பொருளுக்கு ஓர் இரவு, அவனைப் பார்க்க. இரண்டு இரவு மயக்க மருந்தால் ஏமாறுகிறாள். மூன்றாவது இரவு ஜெயிக்கிறாள்.

கவனித்தீர்களா? முதல் பேரம் அவளை வைத்து நடந்தது. இரண்டாவது பேரத்தை அவளே நடத்துகிறாள். தன்னிடம் இருப்பது என்ன, தனக்கு வேண்டியது என்ன, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிகிறது. படிப்பறியாத பாட்டிகள் சொன்ன கதை இந்த வித்தியாசத்தை நன்றாகவே அறிந்திருக்கிறது. அறியாதவர்கள் மேடையேறுகிற நாம்தான்.

இக்காலத்திலும் இதை அறிந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் நயோமி நோவிக் 2018-இல் வெளியிட்ட 'ஸ்பின்னிங் சில்வர்' நாவல் அந்தப் பழைய மில்காரன் கதையையே திருப்பிப் போடுகிறது. கடன் கொடுத்துவிட்டுக் கேட்கக் கூச்சப்படும் தகப்பன், வீட்டில் பட்டினி. மகள் மிரியெம் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தானே வசூலுக்குக் கிளம்புகிறாள். வெள்ளியைத் தங்கமாக்கச் சொல்லிப் பனிநாட்டு மாயராஜா வந்து மிரட்டும்போதும் அவள் கணக்கை விடுவதில்லை. இதற்கு எனக்கு என்ன தருவாய் என்று அவனையே கேட்கிறாள். அந்தக் கேள்வியைக் கேட்கிற பெண்ணை நம்மில் பலருக்குப் பிடிக்காது, பேராசைக்காரி என்போம். கேட்காமல் கை நீட்டியவளை மட்டும் குலவிளக்கு என்போம்.

வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் கரடிக்கதையைச் சொல்லுங்கள், நல்ல கதை. ஆனால் 'மாட்டேன்' என்ற வார்த்தையை முழுங்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். குழந்தை, "அப்புறம் ஏன் போனாள்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். எழுதுகிற நண்பர்களுக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்: தலையசைப்பை எழுதுமுன் அந்த எட்டு நாட்களை எழுதுவோம்.

அந்த மாதர் சங்கத்தார் இந்த வருஷமும் தலைமை வகிக்கக் கூப்பிட்டால், முடிவுரையில் இதையே சொல்வதாக உத்தேசம். கூப்பிடாமல் விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.